பணிச்சூழல், மனநிறைவு, புது யோசனை: பட்டறையிலும் அலுவலகத்திலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை வட்டாரத்துப் பம்ப் செட் ஆலைகளிலும் வார்ப்படப் பட்டறைகளிலும் சில அலுவலகங்களிலும் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் தொழில். பயிற்சி எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் தேநீர் இடைவேளைக்குள் பேச்சு ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். ஆட்கள் ஏன் ஒட்டாமல் இருக்கிறார்கள், ஏன் யாரும் தாமாக எதையும் சொல்வதில்லை என்பதுதான் அது. முதலாளிகளும் சூப்பர்வைசர்களும் தொழிலாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. பணிச்சூழல் என்றால் ஏசி, கேன்டீன், கழிப்பறை இவற்றைத்தானே சொல்கிறீர்கள்?

அவையும் சேர்ந்ததுதான். ஆனால் அவற்றோடு முடிந்துவிடுவதில்லை. இங்கே எதைச் செய்தால் பாராட்டுவார்கள், எதைச் செய்தால் திட்டுவார்கள், எதைச் செய்தாலும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று வேலை செய்கிறவர்கள் நாள்பட அறிந்துவைத்திருக்கிறார்களே, அதுதான் பணிச்சூழல். சுவரில் மாட்டிய கொள்கை வாசகத்தைப் படித்து யாரும் இதைக் கற்பதில்லை. பக்கத்து மெஷினில் நிற்பவருக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்துக் கற்கிறார்கள்.

இதை முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் உளவியலாளர் கர்ட் லெவின். அவரும் ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் ஆகியோரும் அமெரிக்காவின் அயோவாவில் 10 வயதுச் சிறுவர்களைக் குழுக்களாகப் பிரித்து, மூன்று வகைத் தலைவர்களிடம் மாற்றி மாற்றி வேலை செய்ய வைத்தார்கள். ஒருவர் எல்லாவற்றையும் ஆணையாகச் சொல்பவர். இன்னொருவர் கலந்து பேசி முடிவெடுப்பவர். மூன்றாமவர் எதிலும் தலையிடாதவர். 1939இல் வெளியான அந்த ஆய்வில், ஆணையிடும் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை சரிந்தது. கலந்து பேசும் தலைவர் வெளியே போனபோது வேலை ஏறக்குறைய அப்படியே நடந்தது. தலைவர் மாறியதும் அதே சிறுவர்களின் நடத்தையும் மாறியது.

உடல் வசதியை நான் சிறிதாக எண்ணுவதில்லை. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. நாள் முழுவதும் கால்கடுக்க நின்ற ஜவுளிக் கடைப் பெண்ணிடம் புது யோசனை கேட்க யாருக்கும் முகம் இருக்காது.

2. சம்பளம் குறையில்லாமல் தருகிறோம், தீபாவளி போனஸும் உண்டு. பிறகும் ஏன் ஒருவர் முகத்திலும் தெளிச்சி இல்லை?

உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய சகாக்களும் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டார்கள். வேலையில் மிகவும் மகிழ்ந்த தருணத்தையும் மிகவும் நொந்த தருணத்தையும் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நொந்த கதைகளில் சம்பளம், மேலதிகாரி, நிறுவன விதிகள், வேலை வசதிகள் அதிகம் வந்தன. மகிழ்ந்த கதைகளில் வந்தவை வேறு: சாதித்தது, அங்கீகாரம் கிடைத்தது, பொறுப்பு கொடுத்தது, வேலையே பிடித்திருந்தது. 1959இல் இதை வெளியிட்டபோது அவர் சொன்னது, மனக்குறையை நீக்குபவை வேறு, மனநிறைவைத் தருபவை வேறு என்பதே.

இந்த ஆய்வைக் குறை சொன்னவர்களும் உண்டு. நல்லது நடந்தால் தன்னால் என்றும் கெட்டது நடந்தால் நிர்வாகத்தால் என்றும் சொல்வது மனித இயல்பு, அதனால் பேட்டி முறையே இந்த முடிவைத் தந்திருக்கலாம் என்றார்கள். நியாயமான ஆட்சேபம்தான். ஆனாலும் உங்கள் கேள்விக்கு இது பொருந்துகிறது. சம்பளமும் போனஸும் முறுமுறுப்பை நிறுத்தியிருக்கின்றன. அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

3. அப்படியானால் சம்பளம் முக்கியமில்லை என்கிறீர்களா?

ஒருபோதும் இல்லை. சம்பளம் தேதி தவறி வரும் இடத்தில், ஓவர்டைம் கணக்கில் கைவைக்கும் இடத்தில் மற்ற எல்லாப் பேச்சும் வீண். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

4. புதுமை என்பது ஆராய்ச்சிப் பிரிவு வேலை அல்லவா? எங்களுடையது முப்பது பேர் பட்டறை.

நான் பார்த்த ஒரு பொருளைச் சொல்கிறேன். ஒரு லேத்தில் வேலை செய்பவர் கழிவு இரும்பில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு தடுப்பான் செய்து, வெட்ட வேண்டிய துண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் உள்ளே பொருத்தியிருந்தார். ஒவ்வொரு முறையும் அளந்து வைக்க வேண்டிய துண்டு, அதில் போய் முட்டி நின்றதும் சரியான இடத்தில் அமர்ந்துவிடும். அளக்கும் வேலையும் மிச்சம், தவறாக வெட்டிக் குப்பைக்குப் போகும் துண்டுகளும் மிச்சம். இதற்கு ஆராய்ச்சிப் பிரிவு தேவைப்படவில்லை. தினமும் அந்த மெஷின் முன்னால் நிற்கும் கண்தான் தேவைப்பட்டது.

டொயோட்டா 1951 முதல் தொழிலாளர்களின் யோசனைகளைக் கேட்டுச் செயல்படுத்தும் திட்டத்தை நடத்துகிறது. அங்கும் வந்து குவிபவை பெரும்பாலும் இந்த அளவிலான சின்னச் சின்ன மாற்றங்களே.

5. மகிழ்ச்சியாக இருப்பவர்கள் தாமாகவே புது யோசனை தருவார்கள், சரிதானே?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். நல்ல சூழல் மனநிறைவைத் தருகிறது, நல்ல சூழல் யோசனைகளையும் தருகிறது. ஆனால் மனநிறைவு இருந்தாலே யோசனை வந்துவிடும் என்பதற்கு உறுதி இல்லை. நல்ல கேன்டீன், அதட்டாத மேலாளர், நேரத்துக்கு வீடு என்று நிம்மதியாக இருக்கும் பல இடங்களில் பத்தாண்டுகளாக ஒரு படிவம்கூட மாறியிருக்காது. மனநிறைவுக்கும் வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு குறித்து வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திமதி ஜட்ஜும் சகாக்களும் 2001இல் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த தொடர்பு எண் சுமார் 0.30 (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). தொடர்பு உண்டு, ஆனால் ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

அதே 2001இல் ஜிங் ஜோ, ஜெனிஃபர் ஜார்ஜ் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. வேலையில் அதிருப்தி உள்ளவர்கள்கூடப் படைப்பாற்றல் காட்டுகிறார்கள் என்று கண்டார்கள். அதற்கு நிபந்தனைகள் உண்டு. வேலையை விட்டுப் போக முடியாத நிலையில் அவர்கள் இருக்க வேண்டும். கூடவே, உடன் வேலை செய்பவர்களின் பயனுள்ள கருத்தும் உதவியும், அல்லது புது முயற்சிக்கு நிறுவனத்தின் ஆதரவும் கிடைக்க வேண்டும். ஆகவே குறை சொல்பவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். 'இந்த ஸ்டோர் முறையால் தினமும் அரை மணி நேரம் வீண்' என்று பொருமுகிறவர் பாதி யோசனையைச் சொல்லிவிட்டார். மீதிப் பாதியை அவரிடமே கேளுங்கள்.

6. ஆலோசனைப் பெட்டி வைத்தோம். முதல் மாதம் சீட்டுகள் வந்தன, பிறகு சாக்லேட் காகிதம்தான் வருகிறது. ஏன்?

பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பல, மேலாளர் அறைக் கதவின் பக்கத்தில், சிசிடிவி கேமராவுக்கு நேர் கீழே இருந்தன. ஒரு பெட்டியின் சாவி வேலையை விட்டுப் போனவரிடம் இருந்தது. அந்தப் பூட்டில் தூசி படிந்திருந்தது. அதைத் தினமும் கடந்து போகும் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

இடத்தை மாற்றினால் மட்டும் போதாது. முதல் மாதம் எழுதியவருக்கு என்ன பதில் போனது? பெரும்பாலும் ஒன்றுமே போயிருக்காது. 'முடியாது' என்ற பதிலைக்கூட மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள், காரணம் சொன்னால். பதிலே வராததைத் தாங்குவதில்லை. ஒரு வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் பதில் வரட்டும்: ஏற்றோம், அல்லது ஏற்கவில்லை, காரணம் இது. ஏற்ற யோசனையை முயன்று பார்க்கும் வேலையை, சொன்னவரின் கையிலேயே, அவருடைய மெஷினிலேயே கொடுங்கள். பொறியாளர் ஒருவர் வந்து அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் பெயரில் அறிக்கை எழுதினால், அந்தப் பிரிவிலிருந்து அடுத்த சீட்டு வராது.

எழுதத் தயங்குபவர்களும் நிறைய இருக்கிறார்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ள இடங்களில் தமிழ்ச் சீட்டு அவர்களுக்கானது அல்ல. ஷிப்ட் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நின்றுகொண்டே பேசும் கூட்டம் பெட்டியைவிடப் பல மடங்கு பயன் தரும்.

7. நல்ல யோசனை இருந்தும் எங்கள் ஆட்கள் மறைக்கிறார்கள். அப்படி என்ன கள்ளத்தனம்?

கள்ளத்தனம் அல்ல, கணக்கு. நான்காவது பதிலில் சொன்ன லேத் தொழிலாளர் அந்தத் தடுப்பானை ஷிப்ட் முடிந்ததும் கழற்றித் தன் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு போவார். ஏன் என்று கேட்டேன். 'தெரிந்தால் டார்கெட்டை ஏற்றிவிடுவார்கள் சார்' என்றார். அவர் கண்டுபிடித்தது அவருக்கே எதிராகத் திரும்பும் என்று அவருக்குத் தெரியும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தார்ன் ஆலையில் 1931-32இல் கம்பி இணைக்கும் பிரிவைச் சேர்ந்த 14 பேரை ஓர் அறையில் வைத்துக் கவனித்தார்கள். அதிகம் செய்தால் அதிகக் கூலி கிடைக்கும் என்றிருந்தும் அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டு அதற்கு மேல் போகவில்லை. வேகமாக வேலை செய்தவரைச் சக தொழிலாளர்களே அடக்கினார்கள். அளவு கூடினால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், ஆட்களை நிறுத்துவார்கள் என்ற அச்சம் அது.

ஒரு யோசனையால் மிச்சமாகும் நேரம் யாருக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். யோசனையால் யாருக்கும் வேலை போகாது என்று எழுத்தில் கொடுங்கள். அதைக் கொடுக்க முடியாத நிறுவனம் தொழிலாளியின் மௌனத்தைக் குறை சொல்லக் கூடாது.

8. ஆட்களே சரியில்லை என்றால் சூழலை மாற்றி என்ன பயன்?

எல்லாப் பயிற்சியிலும் வரும் கேள்வி இது. இதற்குக் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஊரில் நடந்ததைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. அங்கே ஜெனரல் மோட்டார்ஸின் கார் ஆலை ஒன்று இருந்தது. அந்த நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயர் எடுத்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் சாதாரணம். வேலை நேரத்தில் குடி உண்டு. நிர்வாகத்தின் மேல் உள்ள கோபத்தில் கார்க் கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள், ஓடும்போது கடகடவென்று சத்தம் வரட்டும் என்று. 1982இல் ஆலை மூடப்பட்டது.

1984இல் அதே கட்டடத்தை ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து நம்மி என்ற பெயரில் திறந்தன. நடத்தும் பொறுப்பு டொயோட்டாவுடையது. புதிதாக எடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள். அதே தொழிற்சங்கம். நூற்றுக்கணக்கானோரை ஜப்பானில் உள்ள டொயோட்டா ஆலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். பழைய ஆலையில் என்ன நடந்தாலும் லைன், அதாவது கார்கள் நகர்ந்தபடியே பொருத்தப்படும் வரிசை, நிற்கக் கூடாது, கோளாறான காரும் நகர்ந்துகொண்டே போக வேண்டும் என்பது விதி. புதிய ஆலையில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு. பிரச்சினை என்றால் இழுக்கலாம். இழுத்தவுடன் குழுத் தலைவர் ஓடி வருவார், 'என்ன உதவி வேண்டும்' என்று கேட்பார். உரிய நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். இழுத்தவரைத் திட்டுவதில்லை.

சில ஆண்டுகளுக்குள் வேலைக்கு வராமை 2 சதவீத அளவுக்கு இறங்கியது. காரின் தரம் ஜப்பானிய ஆலைக்கு நிகராக வந்தது. யோசனைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. முக்கியமான இன்னொன்று: 1980களின் இறுதியில் விற்பனை சரிந்தபோதும் ஆட்குறைப்பு செய்யாமல், தொழிலாளர்களைப் பயிற்சியிலும் சீரமைப்பு வேலையிலும் வைத்துக்கொண்டார்கள். ஏழாவது பதிலில் சொன்ன வாக்குறுதி காப்பாற்றப்படுவதைத் தொழிலாளர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆட்கள் சரியில்லை என்று சொல்லும் முன், கயிற்றை இழுத்தவருக்கு உங்கள் இடத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

9. எங்கள் பிரிவில் புகாரே வருவதில்லை, தவறும் குறைவு. அது நல்ல சூழலின் அடையாளம்தானே?

இருக்கலாம். ஆனால் ஏமாந்துவிட வாய்ப்பு அதிகம். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இணைந்து வேலை செய்யும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் தெரிந்தது நேர்மாறானது: நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. உள்ளே போய்ப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அந்தக் குழுக்களில் தவறைச் சொல்ல யாரும் அஞ்சவில்லை. மற்றவற்றில் தவறுகள் பதிவேட்டுக்கே வரவில்லை. இதிலிருந்து வளர்ந்ததுதான் உளப் பாதுகாப்பு, அதாவது தவறையோ ஐயத்தையோ வெளியே சொன்னால் தனக்குக் கெடுதல் வராது என்ற நம்பிக்கை, குறித்த அவருடைய 1999 கட்டுரை.

எனவே பூஜ்யம் புகார் என்று பலகையில் எழுதி மாலை போடுவதற்கு முன், கழிவுத் தொட்டியில் கிடப்பதை எண்ணுங்கள். பலகையும் தொட்டியும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும்.

10. பயம் இல்லாவிட்டால் ஒழுங்கு கெட்டுவிடாதா?

முதல் பதிலில் வந்த மூன்றாவது தலைவரை நினைத்துக்கொள்ளுங்கள், எதிலும் தலையிடாதவர். அந்தக் குழுவில் வேலையும் நடக்கவில்லை, சிறுவர்களுக்கு அது பிடிக்கவும் இல்லை. நான் அவரைப் பரிந்துரைக்கவில்லை. தவறைச் சொன்னவரைத் திட்டாதிருப்பது ஒன்று, தவறை விட்டுவிடுவது வேறொன்று. அளவு மைக்ரான் கணக்கில் சரியாக இருக்க வேண்டும் என்பதில் விடாப்பிடியாக இருங்கள். அளவு தப்பியதை ஓடி வந்து சொன்னவரிடம் மென்மையாக இருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாதவர், தெரிந்தே தவறை மறைத்தவர், பெண் ஊழியரிடம் முறைகேடாக நடந்தவர், இவர்கள் மேல் நடவடிக்கை எடுக்காத இடத்தையும் நல்ல சூழல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

11. மேலே இருப்பவர் மாறமாட்டார். நடுவில் இருக்கும் நான் என்ன செய்ய முடியும்?

நினைப்பதைவிட அதிகம் செய்யலாம். கூகுள் நிறுவனம் 2012இல் தொடங்கித் தன்னிடம் உள்ள சுமார் 180 குழுக்களை ஆராய்ந்தது. நிறுவனம் ஒன்றுதான், ஆனால் குழுவுக்குக் குழு சூழல் வேறாக இருந்தது. நல்ல குழுக்களைப் பிரித்துக் காட்டியவற்றில் முதலிடம் பெற்றது, எட்மண்ட்சன் சொன்ன அந்த உளப் பாதுகாப்பே. ஒரு தொழிலாளிக்கு நிறுவனம் என்பது பெரும்பாலும் அவருடைய சூப்பர்வைசர்தான். மேலிருந்து வரும் கோபத்தை அப்படியே கீழே இறக்காமல் இருந்தாலே உங்கள் பத்துப் பேருக்கு அது பெரிய மாற்றம்.

12. பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது நம் ஊர் வழக்கமில்லை. இதெல்லாம் நமக்கு ஒத்துவருமா?

எதிர்த்துப் பேசச் சொல்லவில்லை, எடுத்துச் சொல்ல இடம் கொடுங்கள் என்கிறேன். இந்தியாவில் இது நடந்தே இருக்கிறது. 1953இல் அகமதாபாத் கேலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி ஏறவில்லை. வேலையைப் பன்னிரண்டு வகையாகக் கூறுபோட்டு, யார் யாருக்குப் பொறுப்பு என்பதே குழம்பிக் கிடந்தது. ஆய்வாளர் ஏ.கே. ரைஸ், ஒரு தொகுதித் தறிகளை ஒரு சிறு குழுவே முழுப் பொறுப்பேற்று நடத்தலாமே என்ற கருத்தை முன்வைத்தார். தொழிலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தாங்களே குழு அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, சேதம் குறைந்தது.

1980களின் தொடக்கத்தில் பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தில் தர வட்டங்கள் வந்தன, அதாவது தொழிலாளர்களே சிறு குழுவாகக் கூடி வேலையில் உள்ள சிக்கல்களைத் தீர்க்கும் முறை. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அந்தப் பரிசு தொழிலாளர் பங்கேற்பு இல்லாமல் கிடைப்பதல்ல. நம் ஊரில் அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே ஒரு குறையைச் சொல்ல முடிகிறது. மரியாதை தடையாவது, மரியாதை என்ற பெயரில் மௌனத்தைக் கேட்கும்போதுதான்.

13. யோசனைக்குப் பணம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், சிறு தொகையாக, விரைவாக, முடிந்தால் குழுவுக்கு. பெரிய தொகை வைத்தால் யோசனை யாருடையது என்ற சண்டை வரும், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள். ஆனால் லட்சக்கணக்கில் மிச்சப்படுத்திய யோசனைக்கு ஒரு எவர்சில்வர் டப்பா கொடுப்பது அவமதிப்பு. அங்கே தயங்காமல் பங்கு கொடுங்கள்.

14. சூழலை அளக்க முடியுமா? படிவம் கொடுத்தால் எல்லோரும் 'மிக நன்று' என்று எழுதுகிறார்கள்.

ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் கோரான் எக்வால் பத்துக் கூறுகளை வைத்து அளந்தார். சவால், சுதந்திரம், யோசனைக்கு ஆதரவு, நம்பிக்கை, விவாதம், துணிந்து முயலும் இடம், யோசிக்க நேரம் போன்றவை அவற்றில் உண்டு. தனிப்பட்ட பகையும் ஒரு கூறு. பத்தில் அது ஒன்று மட்டும் கூடினால் கெடுதல். கருத்து மோதல் வேறு, ஆள் மோதல் வேறு என்று அவர் பிரித்தது மேற்பார்வையாளர்களுக்கு மிகவும் பயன்படுகிறது.

முப்பது பேர் பட்டறையில் பெயர் எழுதாத படிவமும் பெயர் எழுதியதுதான், கையெழுத்தே காட்டிக்கொடுக்கும். அங்கே படிவத்தை விடுங்கள். கடைசியாக ஒரு தவறை யார், எப்போது, தாமாக வந்து சொன்னார்? கடைசியாக நிராகரித்த யோசனைக்குக் காரணம் சொன்னோமா? போன ஆண்டு வேலையை விட்டவர்கள் எந்த சூப்பர்வைசரின் கீழ் இருந்தவர்கள்? இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் எழுதிப் பாருங்கள்.

15. சூழல் நன்றாகி யோசனைகளும் வருகின்றன. ஆனால் ஆட்கள் களைத்துத் தெரிகிறார்கள். எங்கே தவறு?

நம்மி ஆலையிலும் இது நேர்ந்தது. 1993இல் புதிய மாடல் வந்தபோது வேலையின் வேகத்தால் கை, முதுகு வலிப் புகார்கள் கூடி, கலிபோர்னியாவின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை அந்த ஆலை மீது குறை கண்டது. மிச்சமாகும் ஒவ்வொரு விநாடியையும் இன்னொரு வேலையால் நிரப்பினால் எந்த நல்ல சூழலும் இப்படித்தான் ஆகும். வந்த யோசனைகளில் எத்தனை உற்பத்தியைக் கூட்டின, எத்தனை குனிவதையும் தூக்குவதையும் குறைத்தன என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவது வகை அரிதாக இருந்தால், அடுத்த மூன்று மாதம் அந்த வகை யோசனைகளை மட்டும் கேளுங்கள்.

16. எல்லோர் முன்னாலும் ஒருவரைத் திட்டிவிட்டேன். அன்று முதல் அந்தப் பிரிவே வாயைத் திறப்பதில்லை. இனி சரியாகுமா?

ஆகும், தாமதமாக. தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்வது அவருக்கு மட்டும்தான் தெரியும், திட்டியது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அதே ஷிப்ட் கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால், 'அன்று நான் பேசியது தவறு, அவர் சொன்ன விஷயம் சரி' என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். விளக்கம் சேர்க்காதீர்கள். பிறகு அவர் அன்று எதைச் சொல்ல வந்தாரோ, அந்த மெஷினையோ கணக்கையோ அவரை வைத்தே சரிசெய்யுங்கள். அடுத்து யாராவது ஒரு கெட்ட செய்தியோடு உங்களிடம் வருவார். பிரிவு முழுவதும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.